இணையத்தொடர்பு தடைப்படுதலும் உபயோகிப்போர் அறிவிப்புகளும்

பயிர் இன்ஷூரன்ஸுக்கு மனுச் செய்யவும், சிட்டா, அடங்கல் நகல்கள் பெறவும், உதவித்தொகைக்குத் தம் அடையாளத்தை மெய்ப்பிக்கவும் குடியானவர்கள் இக்காலத்தில் இணையத்தொடர்பையே நம்பியிருக்க வேண்டியதாயிருக்கிறது. சம்பா நெல்லுக்குரிய இன்ஷூரன்ஸ் கெடு பெரும்பாலும் நவம்பர் மாதத்தின் நடுவில் வருகிறது. அதுவோ வடகிழக்குப் பருவமழை வலுத்து, மரங்கள் சாய்ந்து, கம்பிகள் அறுபடுங் காலம். கெடுவின் கடைசி நாளில் இ-சேவை மையத்திற்குச் சென்றவர் "லைன் இல்லை" என்னும் விடையுடன் திரும்புவது அபூர்வமன்று. அவ்வேளையில் முதலாவது அறிய வேண்டுவது பழுது எவ்விடத்திலுள்ளது என்பதேயாம். மையத்துப் பெட்டியில் மட்டும் பழுதிருப்பின் அடுத்த ஊருக்குச் செல்லலாம். பிர்க்கா முழுவதிலும் ஒரு கம்பெனியின் தொடர்பு நின்றிருப்பின் வேறு கம்பெனியின் தொடர்பை நாட வேண்டும். மனுவை ஏற்கும் தளமே நின்றிருப்பின் எவ்வூருக்கு அலைந்தாலும் பிரயோஜனமில்லை.

இதனை ஒருவர் தம் வீட்டிலிருந்தபடியே நிச்சயிக்க இயலாது. ஒரு வயலில் மட்டும் பயிர் மஞ்சளித்தால் நீர் தேங்கியிருக்கிறதா, சத்துக் குறைவா என்று அவ்வயலிலேயே காரணத்தைத் தேடுகிறோம். வரப்புகளைக் கடந்து பல வயல்களில் ஒரே வாரத்தில் கண்டால் நோயென்று சந்தேகிக்கிறோம். தொடர்புத் தடையும் இவ்விதமே பலருடைய அறிவிப்புகளைச் சேர்த்து நோக்கியே அறியத்தக்கது.

இம்முறையைப் பெரிய அளவில் கையாளும் 'டௌன்டிடெக்டர்' என்னும் ஏற்பாடு 2012-ம் ஆண்டில் நெதர்லாந்து தேசத்தில் தொடங்கப்பெற்றது. உபயோகிப்போர் அனுப்பும் புகார்கள் அதில் சேவைவாரியாகத் தொகுக்கப்படுகின்றன. எந்தச் சேவைக்கும் எந்நேரமும் சில புகார்கள் வந்துகொண்டேயிருக்கும். ஆகையால் வெறும் எண்ணிக்கையைக் கொண்டு தடையென்று முடிவு செய்வதில்லை. அவ்வேளையில் வழக்கமாக வரும் அளவைக் காட்டிலும் மிகுதியாக வந்தால் மாத்திரமே தடையெனக் கொள்ளப்படுகிறது.

இதில் இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, ஜனங்கள் பழுதிருக்கும் இடத்தைத் தவறாகக் கருதுவது. 2021-ம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி பேஸ்புக், வாட்ஸப் ஆகியவை ஏறக்குறைய ஆறு மணி நேரம் நின்றபொழுது, அமெரிக்காவில் அநேகர் தம் தொலைபேசிக் கம்பெனியே பழுதென்று அறிவித்தனர். அக்கம்பெனிகளின் தொடர்போ செவ்வையாகவே இருந்தது. இரண்டாவது குறை நமக்கு அதிக முக்கியமானது. பட்டணத்தில் தடையுண்டானால் ஆயிரக்கணக்கானோர் உடனே அறிவிக்கின்றனர். கிராமத்தில் ஐந்து பேர்கூட அறிவிப்பதில்லை. ஆகவே நாள் முழுதும் தொடர்பற்றுக் கிடந்த கிராமமும் பழுதே இல்லாததுபோலக் கணக்கில் தோன்றும்.

அறிவிப்பில் இடம், நாள், மணி, கம்பெனியின் பெயர், கம்பி வழித் தொடர்பா டவர் வழித் தொடர்பா என்பது, எந்த வேலை நடைபெறவில்லை என்பது ஆகியவை இருத்தல் வேண்டும். "நெட் வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதுவதால் எவருக்கும் உபயோகமில்லை. அவ்வேளையில் மின்சாரம் இருந்ததா என்பதையும் தவறாது குறிக்க வேண்டும். மின்தடை நீடித்தால் டவரிலுள்ள பாட்டரியும் தீர்ந்துபோகும். தெருவில் ஒரே கம்பெனியின் கம்பித் தொடர்புகள் யாவும் ஒரே சமயத்தில் நின்று, டவர் வழித் தொடர்பு நடந்துகொண்டிருந்தால், பெரும்பாலும் கம்பி அறுந்ததாகவே கொள்ளலாம்.

மற்றத் தளங்கள் யாவும் திறந்து, மின்னஞ்சல் மட்டும் வராவிடில், பழுது ஊரிலன்று, அஞ்சற் சேவையிலேயே இருக்கலாம். 2020-ம் ஆண்டு டிசம்பர் 14-ந் தேதி நம் நேரப்படி மாலை 5-16 மணி முதல் 47 நிமிஷங்கள் கூகிள் கம்பெனியின் ஜிமெயில் முதலியவை உலகெங்கும் நின்றன. உபயோகிப்போரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் பகுதிக்கு ஒதுக்கிய இடவசதி, தானியங்கி ஏற்பாடொன்றினால் குறைக்கப்பட்டதே காரணம். இத்தகைய தடையில் பிறர் அனுப்பிய அஞ்சல் சாதாரணமாக அழிந்துவிடுவதில்லை. அனுப்பும் நிலையம் அதனை வைத்திருந்து, நாலைந்து நாட்கள் வரையில் திரும்பத் திரும்ப முயலுவது வழக்கம். ஆனால் அதையடுத்து உண்டான வேறொரு கோளாற்றில், உள்ள விலாசங்களுக்கும் "இவ்விலாசம் இல்லை" என்ற விடையுடன் ஜிமெயில் அஞ்சல்களைத் திருப்பியனுப்பியது. அங்ஙனம் திரும்பியவற்றை அனுப்பியவரே மீண்டும் அனுப்ப வேண்டும்.

புகாரை நின்றுபோன தொடர்பின் வழியாகவே அனுப்ப முடியாதென்பது வெளிப்படை. எனினும் பெரிய கம்பெனிகளே இதை மறந்ததுண்டு. 2022-ம் ஆண்டு ஜூலை 8-ந் தேதி கனடா தேசத்தில் ராஜர்ஸ் கம்பெனியின் தொடர்பு முழுவதும் நின்று, ஒரு கோடியே இருபது லக்ஷம் பேருக்கு மேற்பட்டோர் அவதியுற்றனர். கம்பெனியின் சிப்பந்திகளும் அதே தொடர்பையே உபயோகித்து வந்தமையால், ஒருவரோடொருவர் பேசவும் வழியின்றித் தவித்தனர். ஊராட்சி அலுவலகத்திலும் இ-சேவை மையத்திலும் இரண்டு வெவ்வேறு கம்பெனிகளின் தொடர்பு இருப்பது இதனாலேயே விரும்பத்தக்கது.

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024-ம் ஆண்டில் வெளியிட்ட விதிகளின்படி, ஒரு ஜில்லாவில் தொடர்பு 24 மணி நேரத்திற்கு மேல் தடைப்பட்டால், கம்பெனி வாடகையில் கழிவு தரவோ, முன்பணம் செலுத்தியவர்க்கு உபயோக நாட்களை நீட்டிக்கவோ வேண்டும். இயற்கை உத்பாதங்களால் நேருந் தடைக்கு இது பொருந்தாது. அளவு ஜில்லாவாகையால், ஒரு கிராமம் மட்டும் ஒரு வாரம் தொடர்பற்றிருப்பினும் இவ்விதி அதற்கு உதவாது. அந்நிலையில் தனித்தனிப் புகார்களே துணை. புகார் நிலையத்தில் தரப்படும் பதிவு எண்ணைக் கேட்டுப் பெற வேண்டும். திருப்தியான பரிகாரம் கிடைக்காவிடில் அக்கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதும்போது அவ்வெண் அவசியமாகும். தொடர்பு நின்ற நேரம், மீண்ட நேரம், புகார் எண் ஆகிய மூன்றையும் ஊராட்சி அலுவலகத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் அன்றன்று பதிந்து வருவது நலம். கெடு தவறியவர் அதிகாரிகளிடம் மனுக் கொடுக்கும்போது, வாய்மொழியாகக் கூறுவதோடு இப்பதிவின் நகலையும் இணைக்கலாம்.