டிக்கெட் கொடுத்தது யார்?

ஹிட்லரைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு நிறையவே தெரிகிறது. ஆட்சிக்கு வந்த வருஷம், போர் தொடங்கிய வருஷம், தற்கொலை செய்துகொண்ட வருஷம் எல்லாவற்றையும் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள்.

2006-ம் ஆண்டில் வெளிவந்த என்.சி.இ.ஆர்.டி. 9-வது வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில் நாஜிகள் பற்றித் தனிப்பாடம் இருந்தது. பெங்களூரில் மத்திய பாடத்திட்டப் பள்ளிகளில் சேர்ந்த நம்மவர் பிள்ளைகள் இதைப் படித்துத்தான் தேறினார்கள். நல்ல பாடம். யூத ஆசிரியர்களைப் பள்ளிக்கூடத்தை விட்டு விரட்டியதும், கணக்குப் பாடத்தில்கூட யூதர் மீது வெறுப்பைப் புகுத்தியதும் அதில் இருக்கின்றன.

ஆனால் பிள்ளைகள் எதைப் படிக்கிறார்கள்? மார்க் வரும் பகுதியை. காரணங்கள் ஐந்து, விளைவுகள் ஐந்து. பரீட்சை முடிந்ததும் ஹிட்லரும் முடிந்தார்.

என் அண்ணன் மகள் இந்தப் பாடத்தைப் படித்தபோது புத்தகத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டாள். "சித்தப்பா, அவ்வளவு பேரையும் ரெயிலில்தானே கொண்டுபோனார்கள்? டிக்கெட் யார் கொடுத்தது?"

நான் ரெயில்வே குமாஸ்தா. என்னிடம் கேட்காமல் யாரிடம் கேட்பாள்?

அரை டிக்கெட்

இந்தக் கேள்விக்குப் பதில் உண்டு. ராவுல் ஹில்பெர்க் என்ற வரலாற்று ஆசிரியர் ஜெர்மன் ரெயில்வேயின் பழைய காகிதங்களைத் தேடி எடுத்து எழுதி வைத்திருக்கிறார்.

யூதர்களைக் கொலைக்களத்துக்கு ஏற்றிச் சென்றதற்கு ரெயில்வே கட்டணம் வாங்கியது. சரக்கு வேகனில் அடைத்தாலும் கணக்கு மூன்றாம் வகுப்புக் கணக்கு. கிலோமீட்டருக்கு 4 பென்னிக். (ஒரு மார்க்குக்கு 100 பென்னிக்.) 10 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அரை டிக்கெட். 4 வயதுக்குக் கீழே இலவசம். 400 பேருக்குக் குறையாமல் ஏற்றினால் கட்டணத்தில் பாதி தள்ளுபடி.

யூதர்களுக்கு ஒரு வழி டிக்கெட். காவலுக்குப் போனவர்களுக்குப் போக, வர டிக்கெட்.

புக்கிங் ஆபீசில் வேலை பார்க்கும் எவருக்கும் இதைப் படித்தால் வயிற்றைப் பிசையும். அரை டிக்கெட், கூட்டமாகப் போனால் சலுகை என்பதெல்லாம் நாம் தினமும் புழங்கும் வார்த்தைகள். கொலை என்ற சொல் அந்த பில்லில் எங்கேயும் இல்லை. பில் எழுதிய குமாஸ்தா ஒரு யூதரையும் தொட்டிருக்க மாட்டார். எழுதினார், கூட்டினார், கையெழுத்துப் போட்டார், சாயங்காலம் வீட்டுக்குப் போனார்.

இப்படியாகக் கொல்லப்பட்ட யூதர்கள் சுமார் 60 லட்சம் பேர். எல்லோரும் ரெயிலில் போனவர்கள் அல்ல. மிகப் பலர் ரெயிலில் போனவர்கள்.

ரெயில்வேயில் ஆல்பெர்ட் கான்சன்முல்லர் என்று ஒரு பெரிய அதிகாரி. வார்சா நகரத்தில் இருந்து டிரெப்ளிங்காவுக்குத் தினமும் 5 ஆயிரம் யூதர்களுடன் ஒரு ரெயில் போகிறது என்று 1942 ஜூலையில் அவர் எழுதிய கடிதம் அகப்பட்டது. 1973-ல்தான் கோர்ட்டில் விசாரணை ஆரம்பித்தது. அவருக்கு மாரடைப்பு வந்தது. விசாரணை நின்றது. தண்டனை கிடையாது.

நெதர்லாந்து ரெயில்வே 2005-ல் மன்னிப்புக் கேட்டது. 2019-ல் நஷ்டஈடு தர முன்வந்தது. பெர்லினில் குருனேவால்ட் ஸ்டேஷனின் 17-வது பாதையை 1998-ல் நினைவிடமாக்கினார்கள். எந்தத் தேதியில், எத்தனை பேர், எந்த ஊருக்கு என்று இரும்புத் தகடுகளில் எழுதி, பிளாட்பார ஓரம் முழுவதும் பதித்திருக்கிறார்கள்.

பட்டியல்

டிக்கெட் ஒரு காகிதம் என்றால் பட்டியல் இன்னொரு காகிதம். அதற்கு ஜெர்மனி வரை போகவேண்டியதில்லை. கொழும்பு போதும்.

1983 ஜூலை 23-ந்தேதி இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் விடுதலைப் புலிகளின் தாக்குதலில் 13 ராணுவ வீரர்கள் இறந்தார்கள். மறுநாள் இரவு கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரியத் தொடங்கின. தீ வைத்த கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. வீட்டு எண்ணையும் பெயரையும் பார்த்துப் பார்த்துப் போனார்கள். வெலிக்கடைச் சிறையில் மட்டும் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள்.

ஓட்டுப் போடத் தயாரித்த பட்டியல் அது. டைப் அடித்தவருக்கு இது தெரிந்திருக்காது. கும்பலுக்கு எடுத்துக் கொடுத்தவருக்குத் தெரியாமல் இருக்குமா?

அதே கொழும்பில், தமிழர்களை வீட்டுக்குள் ஒளித்து வைத்து, வாசலில் நின்று "இங்கே யாரும் இல்லை" என்று சொன்ன சிங்களவர்களும் பலர். இதையும் சேர்த்துச் சொன்னால்தான் பாடம் முழுமையாகும்.

ஆப்பிரிக்காவில் ருவாண்டா நாட்டில் 1994-ல் லட்சக்கணக்கான டுட்சி இன மக்களைக் கொன்றார்கள். அங்கே பட்டியல் அடையாள அட்டை வடிவில் வந்தது. அட்டையில் இனம் எழுதியிருக்கும். பெல்ஜியம்காரர்கள் ஆண்ட காலத்தில் கொண்டுவந்த ஏற்பாடு.

மூன்று ஆண்டு கழித்து, 1997 மார்ச்சில், அந்த நாட்டில் நியாங்கே என்ற ஊர் உயர்நிலைப் பள்ளிக்குள் துப்பாக்கியோடு ஆட்கள் புகுந்தார்கள். ஹுட்டுக்கள் ஒரு பக்கம், டுட்சிகள் ஒரு பக்கம் பிரிந்து நில்லுங்கள் என்று மாணவர்களை மிரட்டினார்கள். பிள்ளைகள் பிரிய மறுத்துவிட்டார்கள். நாங்கள் எல்லோரும் ருவாண்டாக்காரர்கள் என்றார்கள். துப்பாக்கியால் சுட்டார்கள், குண்டு வீசினார்கள். மாணவர்கள் சிலர் உயிர் துறந்தார்கள். அவர்களும் நம் பிள்ளைகளைப் போலப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தான்.

நம் தெருவில்

இவ்வளவும் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர், பெங்களூரை விட்டுவிடக் கூடாது என்பது என் அபிப்பிராயம்.

காவிரி நடுவர் மன்றம் 1991 ஜூன் 25-ந்தேதி இடைக்கால உத்தரவு போட்டது. தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 205 டி.எம்.சி. தண்ணீர். டிசம்பரில் அது மத்திய அரசு கெஜட்டில் வெளிவந்தது. 13-ந்தேதி கர்நாடகத்தில் பந்த். அதையொட்டிய நாட்களில் பெங்களூரில் தமிழர் குடிசைகள் எரிந்தன. கடைகள் சூறையாடப்பட்டன. அரசாங்கக் கணக்குப்படியே பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். கைக்குழந்தையோடு ஓசூர் பக்கம் ஓடியவர்கள் ஆயிரக்கணக்கானோர்.

இதையும் யூதர்களுக்கு நேர்ந்ததையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. இது கலவரம். அது ஒரு அரசாங்கமே திட்டம் போட்டு ஒரு இனத்தை அழித்த வேலை. வித்தியாசத்தைச் சொல்லித்தர வேண்டியதும் ஆசிரியர்தான்.

"பழசைக் கிளறினால் பிள்ளைகள் மனதில் கன்னடர் மீது விரோதம் வளராதா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான பயம்தான். இங்கேதான் வேலை, இங்கேதான் வீடு. ஆனால் நாம் சொல்லாவிட்டால் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போய்விடுமா? செல்போன் சொல்லும். அரைகுறையாகச் சொல்லும்.

2016 செப்டம்பரில் அதுதான் நடந்தது. கன்னட நடிகர்களைக் கிண்டல் செய்து பேஸ்புக்கில் எழுதியதற்காக ஒரு தமிழ் மாணவனைப் பெங்களூரில் அடித்து, அதைப் படமும் எடுத்துப் பரப்பினார்கள். அதைப் பார்த்து இங்கே நம்மவர்கள் கொதித்தார்கள். சென்னையில் கர்நாடகத்தவர் ஓட்டலைத் தாக்கினார்கள். ராமேசுவரத்தில் கர்நாடக டிரைவரை அடித்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்துக் கன்னடர்கள் கொதித்தார்கள். 12-ந்தேதி தமிழ்நாட்டு கம்பெனி பஸ்கள் ஒரே இடத்தில் நாற்பதுக்கு மேல் எரிந்தன. நம்மவர் அடித்த படம் நம்மவர் செல்போனுக்கு எத்தனை வந்தது? அவரவர் அடிபட்ட படத்தை மட்டும்தான் அவரவர் பார்த்தார்கள். இரண்டையும் ஒரே வகுப்பில் போட்டுக் காட்டும் துணிச்சல் ஒரு ஆசிரியருக்கு இருந்தால், அவருக்கு நான் மாலை போடத் தயார்.

கையில் கயிறு

அடிபட்ட கதையை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் அது பாடம் அல்ல, ஒப்பாரி. தமிழன் தமிழனுக்குச் செய்ததும் உண்டு.

கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25-ந்தேதி ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள். தாழ்த்தப்பட்ட விவசாயக் கூலிகளின் குடும்பங்கள். அதிகமும் பெண்கள், குழந்தைகள்.

இது பழைய கதை என்பவர்களுக்குப் புதிய கதையும் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நெல்லை மாவட்டம் நாங்குநேரியில் பிளஸ் 2 படிக்கும் ஒரு தாழ்த்தப்பட்ட மாணவனை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்கள் கூடப் படித்த பிள்ளைகள். அரசாங்கம் நீதிபதி கே.சந்துருவைக் கொண்டு விசாரித்தது. 2024-ல் அறிக்கை கொடுத்தார். பள்ளிக்கு ஜாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டி வரக்கூடாது, பள்ளிகளின் பெயரில் ஜாதி இருக்கக்கூடாது என்பன அவர் சொன்னவற்றில் சில.

ஹிட்லர் ஆட்சி 1941-ல் 6 வயதான யூதக் குழந்தை முதற்கொண்டு சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் தைக்கச் சொன்னது. அங்கே மறுத்தால் தண்டனை. இங்கே நம் பிள்ளைகள் தாங்களாகவே ஆசைப்பட்டுக் கட்டிக்கொள்கிறார்கள்.

ரப்பர் ஸ்டாம்பு

காகிதம் கொல்லத்தான் செய்யும் என்று நினைத்துவிட வேண்டாம். 1940-ல் லிதுவேனியா நாட்டில் சியுனே சுகிஹாரா என்ற ஜப்பானிய தூதரக அதிகாரி இருந்தார். அவர் வாசலில் யூத அகதிகள் வந்து நின்றார்கள். ஜப்பான் வழியாகத் தப்பிப் போக விசா வேண்டும். விதிப்படி இல்லாதவர்களுக்குக் கொடுக்காதே என்று டோக்கியோ தந்தி அடித்தது. அவர் கொடுத்தார். சில வாரங்களில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட விசாக்கள், கையாலேயே எழுதியது. 1947-ல் வேலை போயிற்று.

அவர் கையில் இருந்ததும் பேனாவும் ஸ்டாம்பும்தான்.

இந்தப் பாடம் நடத்தும்போது ஆசிரியர்கள் பிள்ளைகளை அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலைக்குக் கூட்டிப் போகலாம். சிலையைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல், 18 ஆண்டுகள் அது மூடிக் கிடந்து 2009 ஆகஸ்டில்தான் திறந்தார்கள், ஏன் என்று கேட்கச் சொல்லலாம். வீட்டுப் பாடமாக இன்னொன்றும் கொடுக்கலாம். 1991 டிசம்பரில் யார் வந்து கதவைத் தட்டினார்கள், யார் கதவைத் திறந்து உள்ளே விட்டார்கள் என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு ஒரு பக்கம் எழுதச் சொல்லலாம். கன்னடப் பிள்ளையும் எழுதலாம், தமிழ்ப் பிள்ளையும் எழுதலாம். அன்றைக்கு 35 வயதாக இருந்தவர் இன்று எழுபதை எட்டிவிட்டார்.