உங்கள் பெயரில் போகும் மின்னஞ்சல் உங்களுடையதுதானா?

தலைமன்னார் இறங்குதுறை 1914இல் திறக்கப்பட்ட பின்னர், கொழும்புக்கும் இந்தியாவுக்கும் இடையிலான கடிதப் பைகள் 'போட் மெயில்' ரயிலிலும் கப்பலிலும் எமது தீவைக் கடந்து போய் வந்தன. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடித் துறையை அழிக்கும் வரை கப்பல் அங்கிருந்துதான் வந்தது. கடித உறையில் அனுப்புபவர் பெயர் என்று எவரும் எதையும் எழுதலாம். தபால் கந்தோர் அதைச் சரிபார்ப்பதில்லை. கடிதம் எந்தக் கந்தோரில் போடப்பட்டது என்பதைக் குத்தப்பட்ட முத்திரை மட்டுமே சொல்லும்.

மின்னஞ்சலும் இதே நம்பிக்கையில்தான் தொடங்கியது. அதை அனுப்பும் விதிகள் 1982இல் எழுதப்பட்டன. யுனிக்ஸ் கணினிகளில் அஞ்சல் சுமக்கும் 'சென்ட்மெயில்' மென்பொருளை எரிக் ஆல்மன் என்பவர் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவாக்கினார். இலங்கையில் 1990இல் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட 'லேர்ன்மெயில்' சேவை ஆரம்பமானது. அனைவரும் கல்விமான்கள், ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஆகவே அனுப்புபவர் பெயரைச் சோதிக்கும் ஏற்பாடு எதுவும் வைக்கப்படவில்லை. அந்தக் குறையின் விலையை இன்று வியாபாரிகள் கொடுக்கிறார்கள்.

எருக்கலம்பிட்டியிலோ தாராபுரத்திலோ கடலட்டை ஏற்றுமதி செய்யும் ஒருவர் சிங்கப்பூருக்கு இன்வொய்ஸ் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு இரண்டு விதமாக நட்டம் வரலாம். ஒன்று, அஞ்சல் ஸ்பாம் பெட்டிக்குள் விழுந்து, பணம் வரத் தாமதமாவது. மற்றது, வேறொருவன் அவர் பெயரிலேயே 'எமது வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று எழுதிப் பணத்தைத் தன் பக்கம் திருப்பிவிடுவது.

இரண்டாவது வெறும் கற்பனையல்ல. லித்துவேனியாவைச் சேர்ந்த எவால்டாஸ் ரிமாசவுஸ்காஸ் என்பவர், தாய்வானின் குவாண்டா நிறுவனத்தின் பெயரில் லட்வியாவில் ஒரு கம்பனியைப் பதிந்து, போலி மின்னஞ்சல்களும் இன்வொய்ஸ்களும் அனுப்பி, 2013 முதல் 2015 வரை கூகுள், பேஸ்புக் ஆகிய இரு நிறுவனங்களிடமிருந்தும் 10 கோடி டொலருக்கு மேல் கறந்தார். 2019 டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றம் அவருக்கு 5 வருடச் சிறை விதித்தது. இவ்வகை மோசடியால் 2023ஆம் ஆண்டு மட்டும் சுமார் 290 கோடி டொலர் இழக்கப்பட்டதாக அமெரிக்காவின் எப்.பி.ஐ. தனக்கு வந்த முறைப்பாடுகளைக் கொண்டு கணக்கிட்டுள்ளது. கணினியையே தொழிலாகக் கொண்டவர்கள் ஏமாந்தார்கள் என்றால் எமது கடைகளின் நிலை என்ன?

உறையில் ஒன்று, உள்ளே ஒன்று

ஒவ்வொரு மின்னஞ்சலிலும் அனுப்புபவர் முகவரி இரண்டு இடங்களில் இருக்கிறது. வாசிப்பவர் காண்பது கடிதத்தின் உள்ளே இருக்கும் முகவரி. சேர்வர்கள் தமக்குள் பரிமாறிக்கொள்வது உறையின் மேலுள்ள முகவரி. அஞ்சல் போய்ச் சேராவிட்டால் திரும்பி வருவது இந்த உறை முகவரிக்குத்தான்.

பழைய கணினிகளைச் செலவின்றி ஓட்டுவதற்காகச் சிலர் லினக்ஸ் பாவிக்கிறார்கள். அதில் 1995இல் மைக்கல் எல்கின்ஸ் எழுதிய 'மட்' போன்ற யுனிக்ஸ் வழி அஞ்சல் மென்பொருள்கள் உண்டு. இவற்றில் அனுப்புநர் முகவரியை நாம் எழுதி வைக்காவிட்டால், கணினியின் பயனர் பெயரையும் கணினியின் பெயரையும் சேர்த்து மென்பொருளே ஒரு முகவரியை உண்டாக்கிவிடும். அப்படியொரு முகவரி உலகில் எங்கும் இல்லை. பெறுபவரின் சேர்வர் அதை நிராகரிக்கும். 'போய்ச் சேரவில்லை' என்ற அறிவித்தலும் உங்களிடம் வராது. இன்வொய்ஸ் போய்விட்டது என்று நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள்.

ஆகவே உள் முகவரி, உறை முகவரி இரண்டையும் கடையின் முகவரியாகவே அமைத்துவிடுங்கள். கருவாட்டுக் கடை ஒன்று, ஹோட்டல் ஒன்று என இரண்டு தொழில் செய்பவர்கள், எந்த முகவரிக்கு அஞ்சல் வந்ததோ அந்த முகவரியிலிருந்தே பதில் போகும்படி மட்டில் அமைக்கலாம். தண்டர்பேர்ட் பாவிப்பவர்களுக்கும் இந்த வசதி உண்டு.

யார் சுமந்து போவது?

கடையிலுள்ள இணைய இணைப்பிலிருந்து பெறுபவரின் சேர்வருக்கு நேரடியாக அஞ்சலைக் கொடுக்க முயலாதீர்கள். அதற்கான 25ஆம் இலக்க வாயிலைப் பல இணைய நிறுவனங்கள் மூடி வைத்துள்ளன. திறந்திருந்தாலும் வீட்டு, கடை இணைப்புகளிலிருந்து வருவதைப் பெரிய சேர்வர்கள் ஏற்பதில்லை. உங்களுக்கு அஞ்சல் சேவை வழங்கும் நிறுவனத்தின் சேர்வருக்கு, 587 அல்லது 465ஆம் வாயில் ஊடாக, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து அனுப்புவதே முறை. ஜிமெயில் கணக்கை இப்படி இணைப்பவர்களுக்கு வழமையான கடவுச்சொல் 2022 மே மாத இறுதியிலிருந்து வேலை செய்யாது. ஈரடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, செயலிக்கான தனிக் கடவுச்சொல்லைப் பெற வேண்டும்.

மூன்று காவல்கள்

சொந்தமாக ஆள்களப் பெயர், அதாவது டொமைன், வைத்திருப்பவர்கள் அதன் பதிவில் மூன்று விடயங்களைச் சேர்க்க வேண்டும்.

முதலாவது எஸ்.பி.எப். 'எமது கடிதங்களைச் சுமக்க அனுமதி பெற்ற சேர்வர்கள் இவை' என்ற பகிரங்கப் பட்டியல் இது. ஒரு ஆள்களத்துக்கு ஒரு பட்டியல்தான் இருக்கலாம். இரண்டு போட்டால் இரண்டுமே செல்லாது.

இரண்டாவது டிகிம். அரக்கு முத்திரை போன்றது. அனுப்பும் சேர்வர் ஒவ்வொரு அஞ்சலிலும் இரகசியத் திறவுகோலால் ஒப்பமிடும். வழியில் எவராவது உள்ளடக்கத்தை மாற்றினால் முத்திரை உடைந்தது தெரிந்துவிடும்.

மூன்றாவது டிமார்க். வாசிப்பவர் காணும் பெயரும் முன்னைய இரண்டு சோதனைகளில் ஒன்றாவது காட்டும் பெயரும் பொருந்தாவிட்டால் அந்த அஞ்சலை என்ன செய்வது என்று நீங்கள் இடும் கட்டளை இது. முதலில் 'ஒன்றும் செய்ய வேண்டாம், அறிக்கை மட்டும் அனுப்பு' என்று வையுங்கள். உங்கள் சொந்த அஞ்சல்கள் ஒழுங்காகத் தேறுவதைச் சில வாரங்கள் பார்த்த பின்னர் 'ஸ்பாமில் போடு' என்றும், இறுதியில் 'நிராகரி' என்றும் இறுக்குங்கள்.

2024 பெப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் இவற்றைக் கட்டாயமாக்கத் தொடங்கின. சாதாரணமாக அனுப்புபவருக்கு எஸ்.பி.எப். அல்லது டிகிம் ஒன்றாவது வேண்டும். ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 5,000க்கு மேல் அனுப்புபவருக்கு மூன்றும் வேண்டும்.

சோதித்துப் பார்ப்பது இலகு. கடை முகவரியிலிருந்து ஒரு ஜிமெயில் கணக்குக்கு அஞ்சல் அனுப்பி, கணினியில் அதைத் திறந்து, மூலத்தைக் காட்டும்படி கேளுங்கள். மூன்றுக்கும் நேரே 'பாஸ்' என்று இருந்தால் வேலை முடிந்தது.

முகவரி யாருடைய பெயரில்?

இவ்வளவும் செய்தாலும் ஒரு எழுத்து மாறிய போலி ஆள்களத்தையோ, கடவுச்சொல் திருடப்பட்ட கணக்கையோ இவை தடுக்கமாட்டா. ஆகவே வங்கிக் கணக்கு மாறியதாக எந்த அஞ்சல் வந்தாலும், அந்த அஞ்சலில் உள்ள இலக்கத்துக்கல்ல, உங்களிடம் முன்பே உள்ள இலக்கத்துக்கு அழைத்து, குரலைக் கேட்டு உறுதிசெய்யுங்கள். உங்கள் வாடிக்கையாளரிடமும் இதையே சொல்லி வையுங்கள். மின்னஞ்சலுக்கு 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் சட்ட அங்கீகாரம் கொடுத்துள்ளது. எனவே உங்கள் பெயரில் போகும் ஒரு வரியும் சாதாரணமானதல்ல.

கடைசியாக ஒன்று. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எமது வியாபாரிகள் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் புதிய முகவரியோடு மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது. ஆள்களப் பெயர் அப்படியல்ல. இடம் மாறினாலும், இணைய நிறுவனத்தை மாற்றினாலும் கூடவே வரும். ஆனால் அது உங்கள் பெயரில் பதியப்பட்டிருக்க வேண்டும். இணையத்தளம் செய்து கொடுத்த தம்பியின் பெயரில் பதிவு இருந்தால், அவர் வெளிநாடு போகும் நாளில் உங்கள் முகவரியும் கைக்கு எட்டாமல் போய்விடும். பதிவு யார் பெயரில் உள்ளது, எப்போது புதுப்பிக்க வேண்டும் என்பதை இன்றே கேட்டறிந்து, கடைக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.