எண்களைத் தட்டி எழுதிய இசை

'எல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ரா' ஜப்பானின் மின்னணு இசைக்குழு. அதே பெயரில் அவர்களுடைய முதல் ஆல்பம் 1978 நவம்பரில் வெளிவந்தது. குழுவில் மூன்று பேர். ஹருவோமி ஹோசோனோ பாஸ் கிட்டார், யுகிஹிரோ தகாஹாஷி டிரம்ஸ், ரியுயிச்சி சகமோட்டோ கீபோர்டு. நான்காவது உறுப்பினர் என்று ரசிகர்கள் செல்லமாகச் சொன்னது ஹிடேகி மட்சுடாகேயை. அவர் எந்த வாத்தியமும் வாசிக்கவில்லை. ஒரு பெட்டியின் முன் உட்கார்ந்து எண்களைத் தட்டிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெட்டிதான் எம்சி-8 மைக்ரோகம்போசர். ரால்ஃப் டைக் என்ற கனடாக்காரரின் யோசனையை வைத்து ரோலண்ட் நிறுவனம் 1977-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் விலை 4,795 டாலர். பெட்டியிலிருந்து தானாக ஒரு சத்தமும் வராது. பக்கத்தில் இருக்கும் சிந்தசைசர்களை வாசிக்க வைப்பது மட்டுமே அதன் வேலை.

எப்படி? அந்தக் காலத்து சிந்தசைசரில் ஒரு கட்டையை அழுத்தினால் உள்ளே போவது ஒரு மின்னழுத்தம். பெரும்பாலான கருவிகளில் ஒரு வோல்ட் கூடினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். ஒரு ஸ்தாயிக்குள் 12 ஸ்வரத்தானங்கள். ஆக, ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போக 83 மில்லிவோல்ட் சொச்சம் போதும். அந்த மின்னழுத்தத்தை விரல் அனுப்பினால் என்ன, கம்ப்யூட்டர் அனுப்பினால் என்ன? சிந்தசைசருக்கு வித்தியாசம் தெரியாது. எம்சி-8 எட்டு வழிகளில் அப்படி அனுப்பும்.

சிரமமெல்லாம் அதற்குள் இசையை ஏற்றுவதில்தான். அதில் பியானோ கட்டைகள் கிடையாது. கால்குலேட்டரில் இருப்பது போன்ற எண் பொத்தான்கள்தான். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் மூன்று எண்கள் கொடுக்க வேண்டும்: எந்த ஸ்வரம், அடுத்தது எப்போது, அதுவரையுள்ள நேரத்தில் ஒலி எவ்வளவு நீடிக்க வேண்டும். மூன்றாவது எண்ணைக் குறைத்தால் ஸ்வரம் வெட்டி வெட்டி ஒலிக்கும். கூட்டினால் அடுத்ததோடு இழையும். நினைவகம் 16 கிலோபைட்டைத் தாண்டாது. தட்டி முடித்ததை ஒலிநாடாவில் பதிந்து வைத்துக்கொள்ள வேண்டும். மட்சுடாகேவுக்கு இந்தப் பொறுமை புதிதல்ல. டெபுஸ்ஸியின் பியானோ இசையை மூக் சிந்தசைசரில் ஒவ்வோர் ஒலியாகக் கட்டியெழுப்பிய இசாவோ தோமிதாவிடம் உதவியாளராக இருந்தவர் அவர்.

எனக்கு இதில் பிடித்தது தாளக் கணக்கு. ஓர் அடியை 24 கூறுகளாக்கி இரண்டு ஸ்வரங்களுக்குப் பங்கிடுவதாக வைத்துக்கொள்வோம். 12-12 என்றால் நடை நேராகப் போகும். 16-8 என்றால் ஜாஸ்காரர்கள் சொல்லும் 'ஸ்விங்', முன்னது நீண்டு பின்னது துள்ளும். 14-10 என்றால் இரண்டுக்கும் நடுவே ஓர் ஆட்டம். வாசிப்பவர் கையில் தானாக வரும் இந்த நெளிவை, பேர் வைக்க முடியாத ஒன்றை, எம்சி-8 எண்ணாகக் கேட்டது. ஒகினாவா தீவுகளின் இசை நடையில் முன்பே மோகம் கொண்டிருந்த ஹோசோனோ போன்ற ஒருவருக்கு இது தலைவலி இல்லை, விருந்து. இயந்திரம் வந்தால் இசை உயிரற்றுப் போகும் என்று சொன்னவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கவில்லை.

அதோடு, டிரம்ஸை இயந்திரத்திடம் விட்டுவிடவும் இல்லை. காதில் ஹெட்போன் மாட்டி, 'டிக் டிக்' என்ற தாளக் குறிப்பைக் கேட்டபடி தகாஹாஷியே வாசித்தார். இயந்திரம் பிசகாது, அதனால் அவரும் பிசக முடியாது.

ஆல்பத்தின் முக்கியமான பாட்டு 'ஃபயர்கிராக்கர்'. கற்பனையான ஓர் ஆசியாவை அமெரிக்க வரவேற்பறைகளுக்காக 1950-களில் இசையாக்கிய மார்ட்டின் டென்னியின் மெட்டு அது. அதை ஆசியர்களே எடுத்து, வீடியோ கேம் சத்தங்களோடு சேர்த்து, நடனத் தாளத்தில் திருப்பிக் கொடுத்தார்கள். குறும்பு எடுபட்டது. 1980-இல் பிரிட்டிஷ் தரவரிசையில் முதல் இருபதுக்குள் அது நுழைந்தது.

புகழ் என்று பார்த்தால் 1979-இல் வந்த இரண்டாவது ஆல்பம் 'சாலிட் ஸ்டேட் சர்வைவர்' முந்திவிடும். அதிலுள்ள 'பிஹைண்ட் தி மாஸ்க்' பாட்டை எரிக் கிளாப்டனும் மைக்கேல் ஜாக்சனும் பாடியிருக்கிறார்கள். ஆனால் மெருகு அதிகம். இயந்திரத்தோடு மனிதர்கள் முதன்முதலாக மல்லுக்கட்டும் சுவை முதல் ஆல்பத்தில்தான் இருக்கிறது. கேட்க விரும்புகிறவர்கள் சகமோட்டோ எழுதிய 'தோங் பூ'விலிருந்து தொடங்கலாம். ஹெட்போனில் கேட்டால் டிரம்ஸ் தனியாகப் பிடிபடும்.