உங்களுக்குத் தெரியுமா? சின்ன வயிற்றின் பெரிய கணக்கு

● "ஒரு வயசு வரைக்கும் நல்லாத்தான் சாப்பிட்டுக்கிட்டிருந்தான், இப்போ வாயையே திறக்க மாட்டேங்கிறான்." இந்தப் புலம்பல் கேட்காத வீடு அரிது. 3 கிலோவாகப் பிறந்த குழந்தை முதல் பிறந்தநாளில் ஏறக்குறைய 9 கிலோ இருக்கும், அதாவது மூன்று மடங்கு. அடுத்த ஒரு வருடம் முழுவதும் கூடுவதோ 2 முதல் 2.5 கிலோதான். வளரும் வேகம் தணிந்தால் பசியும் தணியும். பிள்ளை ஓடியாடி விளையாடுகிறது, எடையும் மெல்ல ஏறுகிறது என்றால் நிம்மதியாக இருங்கள்.

● குழந்தையின் இரைப்பை ஒரு கிலோ உடல் எடைக்குச் சுமார் 30 கிராம் உணவுதான் கொள்ளும். 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 300 கிராம், அதுவே உச்சவரம்பு. அதனால்தான் 1 முதல் 2 வயதுக் குழந்தைக்கு ஒரு வேளைக்கு 250 மில்லி கிண்ணத்தில் முக்கால் முதல் முழுக் கிண்ணம் வரை போதும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்கள் சொல்லிவந்திருக்கின்றன. அப்படி நாளுக்கு 3, 4 வேளை. நடுவில் 1, 2 முறை சிற்றுண்டி.

● அந்தக் குட்டி வயிற்றுக்குள் போக வேண்டிய சத்து மட்டும் குட்டி இல்லை. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பட்டியலின்படி 1 முதல் 3 வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 1,010 கிலோ கலோரி வேண்டும். உட்கார்ந்து வேலை பார்க்கும் பெண்ணுக்கு 1,660. அம்மாவுக்கு வேண்டியதில் பாதிக்கும் மேல்! பெரியவர்களைப் போல மூன்று வேளை மட்டும் கொடுத்தால் இது எப்படி நிரம்பும்?

● தெளிந்த ரசத்தில் கரைத்த சாதமும் பருப்புத் தண்ணீரும் வயிற்றை நிரப்பும், பிள்ளையை வளர்க்காது. பருப்பின் சத்து அடியில் தங்கியிருக்கும் மசியலில்தான் இருக்கிறது. மேலே நிற்கும் தண்ணீரை வடித்துக் கொடுத்துவிட்டு மசியலை நாம் சாப்பிடுவது தலைகீழ் வழக்கம். குழைந்த பருப்பையே சாதத்தோடு பிசையுங்கள். ஒரு தேக்கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ விட்டால், அளவு கூடாமலே 45 கிலோ கலோரி கூடிவிடும். கேரட், பூசணி, முருங்கைக்கீரை ஆகியவற்றில் இருக்கும் பீட்டா கரோட்டின் உடலில் சேர்வதற்கும் அந்தக் கொழுப்பு தேவை.

● கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, வறுத்து அரைக்கும் பழக்கத்துக்குள் அருமையான அறிவியல் இருக்கிறது. சாதாரண மாவில் கூழ் காய்ச்சினால் கொஞ்சம் மாவிலேயே இறுகிவிடும். குழந்தை விழுங்க வேண்டுமே என்று தண்ணீர் ஊற்றுவோம், சத்தும் நீர்த்துப்போகும். முளைவிடும்போது தானியத்தில் அமிலேஸ் என்ற நொதி பெருகுகிறது. அது மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகளைத் துண்டாக்குவதால், அதிக மாவு போட்டாலும் கூழ் இளகலாகவே நிற்கும். அதே கிண்ணத்தில் கூடுதல் உணவு! கெட்டியாகிவிட்ட கூழைக் கொஞ்சம் ஆறவைத்து, ஒரு கரண்டி முளைகட்டிய மாவைக் கலந்து பாருங்கள், சில நிமிடங்களில் நெகிழும். பிறகு மறுபடி ஒரு கொதி விட்டு இறக்குங்கள். மாவைக் கருக வறுத்தால் நொதி செயலிழந்துவிடும். இளஞ்சூட்டில் வாசம் வரும் வரை வறுத்தால் போதும்.

● முதலில் எவ்வளவு பரிமாறுவது? உணவியலாளர்கள் சொல்லும் எளிய கணக்கு: ஒவ்வொரு பண்டத்திலும் வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி. 2 வயதுப் பிள்ளைக்குச் சாதம் 2, பருப்பு 2, பொரியல் 2 கரண்டி. இது தொடக்கம்தான். இன்னும் கேட்டால் இன்னும் வையுங்கள். தட்டில் மலைபோலக் குவித்துவிட்டு "எல்லாத்தையும் முடிக்கணும்" என்று மிரட்டுவதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்வது, வயிறு நிறைந்துவிட்டது என்று அதற்குத் தெரிந்த மொழியில் சொல்வதுதான்.

● குழந்தைகளே தங்கள் உணவைத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும்? 1926-இல் தொடங்கி அமெரிக்க மருத்துவர் கிளாரா டேவிஸ் இதைச் சோதித்தார். அப்போதுதான் தாய்ப்பால் மறந்த 15 குழந்தைகளை அவர் பராமரித்தார். அவர் வைத்திருந்த பட்டியலில் 34 பண்டங்கள்: இறைச்சி, ஈரல், மீன், முட்டை, பால், தானியங்கள், காய்கள், பழங்கள். ஒவ்வொரு வேளையும் அவற்றில் பலவற்றைத் தனித்தனிக் கிண்ணங்களில் வைத்தார்கள். செவிலியர் கரண்டியோடு பக்கத்தில் இருப்பார். குழந்தை கைநீட்டினால் மட்டும் ஊட்டுவார், இது நல்லது அது நல்லது என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. ஒரு குழந்தை ஆரஞ்சுச் சாறும் ஈரலுமாகக் காலை உணவை முடிக்கும். இன்னொன்று இரவில் முட்டையும் வாழைப்பழமுமாகத் தின்னும். ஒரு வேளைத் தட்டைப் பார்த்தால் தாறுமாறு. ஆனாலும் எல்லாக் குழந்தைகளும் நன்றாக வளர்ந்தன. எலும்பு மென்மை நோயோடு வந்த ஒரு குழந்தை, தட்டில் வைத்திருந்த மீன் ஈரல் எண்ணெயைத் தானாகவே குடித்தது; நோய் குணமானதும் நிறுத்திக்கொண்டது. இதைப் படித்துவிட்டு "பிள்ளை கேட்பதையெல்லாம் கொடுக்கலாம்" என்று முடிவுகட்டக் கூடாது. அந்த 34-இல் சர்க்கரை இல்லை, டப்பா உணவு இல்லை. சூட்சுமம் அந்தப் பட்டியலில்தான் என்று டேவிஸே எழுதினார். தட்டில் எதை வைப்பது என்பது நம் பொறுப்பு. அதில் எவ்வளவு என்பதைப் பிள்ளையிடம் விட்டுவிடலாம்.

● தட்டில் வைக்கும் பட்டியலுக்கு ஒரு அளவுகோல் உண்டு. தாய்ப்பால், தானியம்-கிழங்கு, பருப்பு-கொட்டை, பால்பொருள், இறைச்சி-மீன், முட்டை, வைட்டமின் ஏ நிறைந்த காய்கனி, மற்றக் காய்கனி என 8 வகை. 6 முதல் 23 மாதக் குழந்தைக்கு ஒரு நாளில் இவற்றில் 5 வகையாவது சேர வேண்டும். நம் அடுக்களைக்கு இது எட்டாத கணக்கில்லை: பூசணி போட்ட சாம்பாரோடு இட்லி கொடுத்தாலே மூன்று வகை வந்துவிடும். மதியம் ஒரு முட்டை, மாலையில் ஒரு வாழைப்பழம், ஐந்து முடிந்தது. ஆனாலும் 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் 6 முதல் 23 மாதக் குழந்தைகளில் 11.3 சதவீதத்தினருக்குத்தான் வகையும் வேளையும் சரியாக அமைந்த உணவு கிடைத்தது. மனத்தை உறுத்தும் எண் இது.

● அதே ஆய்வில் தமிழ்நாட்டில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. "சாப்பிடலைன்னா பாலையாவது குடிக்கட்டும்" என்று ஊற்றும் பால் இதற்கு ஒரு காரணமாகலாம். மாட்டுப்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு, மற்ற உணவின் இரும்பு உடலில் சேர்வதையும் அதன் கால்சியம் தடுக்கிறது, பசியையும் அடைக்கிறது. ஒரு வயதுக்கு மேல் நாளுக்கு 500 மில்லிக்குள் நிறுத்துங்கள். பருப்பு சாதத்தில் எலுமிச்சை பிழிவதும் சாப்பிட்டபின் கொய்யாத் துண்டு கொடுப்பதும் இரும்பு சேர உதவும். டீ வேண்டவே வேண்டாம்.

● ஒரு முறை துப்பிய காயைப் "பிடிக்காது" என்று ஒதுக்கிவிடாதீர்கள். புது ருசி பழக 8 முதல் 15 முறைகூட ஆகலாம். ஒவ்வொரு முறையும் ஒரு சின்னத் துண்டு, கட்டாயம் கூடாது.

● வெல்லம், பனங்கற்கண்டு, தேன் எல்லாமே சர்க்கரைக் கணக்கில்தான் சேரும். 2 வயது வரை சேர்க்காமலே இருப்பது நல்லது. ஒரு வயதுக்கு முன் தேனை நாக்கில் தடவவும் கூடாது. பொட்டுலிசம் என்ற ஆபத்தான நச்சுநோய் வரக்கூடும்.

● 1 முதல் 3 வயதுக்கு ஒரு நாள் உப்பு 2 கிராமுக்குள் என்கிறது பிரிட்டனின் சுகாதாரத் துறை. குழம்பில் பிள்ளைக்கு எடுத்துவைத்துவிட்டு, நமக்கு வேண்டிய உப்பைப் பிறகு போடலாம்.

● முழு வேர்க்கடலையும் முழுத் திராட்சையும் மூச்சுக்குழலை அடைக்கும். கடலையை அரைத்துக் கொடுங்கள். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள்.

● நிலாவைக் காட்டிக் கதை சொல்லி, முகம் பார்த்து ஊட்டிய பாட்டிகளின் முறையோடு, இன்று மருத்துவர்கள் சொல்லும் குறிப்பறிந்து ஊட்டுதல் நெருங்கி வருகிறது. கைப்பேசியைப் பார்த்து வாய்பிளக்கும் பிள்ளைக்கு வயிறு நிறைந்தது தெரிவதில்லை, ஊட்டுகிறவருக்கும் தெரிவதில்லை.

● உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வளர்ச்சி அட்டவணை வெளிநாட்டுக் குழந்தைகளுக்கானது என்பது தவறான எண்ணம். அளவெடுத்த 6 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. தெற்கு டெல்லிக் குழந்தைகள் அதில் இருக்கிறார்கள். நல்ல ஊட்டமும் பராமரிப்பும் கிடைத்த இடங்களில் எல்லா நாட்டுக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரேபோல வளர்ந்தார்கள். அங்கன்வாடியில் எடை பார்த்து அந்த அட்டவணையில் குறித்துத் தருவார்கள். இரண்டு மூன்று மாதமாகக் கோடு ஏறாமல் நின்றால் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். கீழே இறங்கினால் தள்ளிப்போடாதீர்கள்.