காயத்தை ஒட்டவும் பதம் உண்டு

கதிர் அறுக்கும்போது அரிவாள் பட்டும், மண்வெட்டி தவறியும் காயம்படுவது விவசாயிகளுக்குப் புதிதல்ல. வெட்டு ஆழமாக இருந்தால் டாக்டர் தையல் போடுகிறார். நூல் போட்ட தடம் தழும்பாக நிற்கும். தையல்களின் இடைவெளி வழியே கிருமிகள் நுழையவும் வாய்ப்பு உண்டு. எனவே, லேசர் ஒளியின் சூட்டைக் கொண்டு காயத்தின் இரு விளிம்புகளையும் ஒட்டும் முறையை விஞ்ஞானிகள் ஆராய்ந்து வருகின்றனர்.

சூடு எப்படித் தோலை ஒட்டும்? கோழிமுட்டையின் வெள்ளைக் கருவைப் பாருங்கள். சூடு 60 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும்போது அது கெட்டிப்படத் தொடங்குகிறது. அதில் உள்ள புரதமே இதற்குக் காரணம். இதே போல, மாட்டு இரத்தத்திலிருந்து எடுக்கப்படும் அல்புமின் என்னும் புரதத்தைக் காயத்தின் விளிம்புகளில் பூசி, அதன்மேல் லேசர் ஒளியைச் செலுத்துகின்றனர். அல்புமின் கெட்டியாகி, பசை போல் தோலைப் பிடித்துக் கொள்கிறது. அதன் அடியில் காயம் ஆறுகிறது.

இதில் முக்கியமானது சூட்டின் அளவு. வெல்லம் காய்ச்சுவோருக்குப் பதத்தின் அருமை தெரியும். பதம் வராமல் இறக்கினால் பாகு கட்டியாகாது. பதம் தாண்டினால் தீய்ந்துவிடும். தோலும் அப்படியே. சூடு குறைந்தால் காயம் ஒட்டாது. மிகுந்தால் தோல் வெந்து, தழும்பு பெரிதாகும். சுமார் 60 முதல் 65 டிகிரி வரை சூடு இருக்க வேண்டும்.

இந்தச் சூட்டைத் தொடாமலே அளக்கும் கருவியை இஸ்ரேலில் டெல் அவிவ் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் ஆபிரகாம் காட்சிர் குழுவினர் உருவாக்கினர். எரியும் அடுப்பருகே கையை நீட்டினால் தொடாமலே சூடு தெரிகிறது அல்லவா? சூடான தோலிலிருந்தும் அதுபோல் அகச்சிவப்புக் கதிர்கள் வெளிவருகின்றன. சாதாரணக் கண்ணாடி இழை இவற்றைக் கடத்தாது. ஆகவே வெள்ளி உப்புக்களால் ஆன இழைகளைப் பயன்படுத்தினர். ஓர் இழை லேசரைக் காயத்துக்குக் கொண்டு செல்கிறது. மற்றோர் இழை கதிர்களை அளவிடும் கருவிக்குக் கொண்டு வருகிறது. சூடு ஏறினால் கம்ப்யூட்டர் லேசரைக் குறைக்கும், இறங்கினால் கூட்டும். பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்ட 10 பேரிடம் இம்முறை சோதிக்கப்பட்டதாக 2010இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் இன்றும் தையலே வழக்கமான சிகிச்சை.

இதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. அளவறியாத சூடு காயத்தை ஆற்றாது, புண்ணைப் பெரிதாக்கும். ஆகவே, வெட்டுக்காயத்தில் சூடு வைக்கக் கூடாது. சாணம், மண், காப்பித்தூள், புகையிலை ஆகியவற்றையும் வைக்கக் கூடாது. ரண ஜன்னிக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் உள்ளது. காயத்தைச் சுத்தமான தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து இரத்தத்தை நிறுத்துங்கள். ஆழமான காயமானால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குச் சென்று தையல் போட்டுக்கொள்ளுங்கள். ரண ஜன்னித் தடுப்பூசி தேவையா என்றும் டாக்டரிடம் கேளுங்கள். அறுவடையைக் காரணம் காட்டி நாள் கடத்தினால் கைக்கே ஆபத்து வரலாம்.