ரூ.30 லட்சம் பிக்அப்பில் தேங்காய் ஏத்தினா இன்சூரன்ஸ் கிடைக்குமா? வாங்கும் முன் பார்க்க வேண்டிய விவரங்கள்

பொள்ளாச்சி,

பொள்ளாச்சி தென்னந்தோப்பு, வால்பாறை எஸ்டேட், நீலகிரி மலைப்பாதை என்று எங்கே போனாலும் இப்போது கண்ணில் படுகிறது 'டபுள் கேபின்' பிக்அப். முன்னால் இருந்து பார்த்தால் சொகுசு கார். பின்னால் இருந்து பார்த்தால் குட்டி லாரி. 4 கதவு, 5 சீட், ஏ.சி., டச் ஸ்கிரீன் எல்லாம் இருக்கும். அதற்குப் பின்னால் திறந்த லோடு பாடி.

"குடும்பத்தோட கோவிலுக்கும் போகலாம், தோட்டத்துக்கு உரமும் ஏத்திட்டுப் போகலாம்" என்பதுதான் வாங்குபவர்கள் சொல்லும் காரணம். ஆனால் உர மூட்டையை ஏற்றிச்செல்லும்போது விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணம் வருமா? இந்தக் கேள்வியை ஷோரூமில் கேட்பவர்கள் குறைவு.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

2 வண்டிகள்

டாடா செனான், மகிந்திரா ஸ்கார்பியோ கெட்அவே போன்ற டபுள் கேபின் வண்டிகள் முன்பே வந்து போயின. சொகுசு ரகத்தை பிரபலமாக்கியது இசுசு வி-கிராஸ். 2016-ல் விற்பனைக்கு வந்தது. சென்னைக்குப் பக்கத்தில், ஆந்திர எல்லையில் உள்ள ஸ்ரீசிட்டி தொழிற்சாலையில் தயாராகிறது. 1.9 லிட்டர் டீசல் என்ஜின்.

2022-ல் டொயோட்டா ஹைலக்ஸ் வந்தது. பார்ச்சூனர் காரில் உள்ள அதே 2.8 லிட்டர் டீசல் என்ஜின். பெங்களூர் அருகே பிடதியில் தயாராகிறது.

வரிக்கு லாரி, ஆர்.டி.ஓ.வுக்கு கார்

குழப்பம் ஆரம்பிப்பதே இங்கேதான். 2025 செப்டம்பர் 22-ந் தேதி சரக்கு வாகனங்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாக குறைக்கப்பட்டது. அப்போது ஹைலக்ஸ் விலையும் ரூ.2½ லட்சம் வரை இறங்கியது. அதே நாளில் பெரிய கார்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட ஜி.எஸ்.டி. 40 சதவீதம். அதாவது ஜி.எஸ்.டி.யைப் பொறுத்தவரை இது சரக்கு வண்டி.

ஆனால் இந்த 2 வண்டிகளும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொந்த உபயோக வண்டியாக, வெள்ளை போர்டில் பதிவாகின்றன. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றப்பட்ட ஆயுட்கால வரிப்படி, ரூ.20 லட்சத்துக்கு மேல் விலை உள்ள கார்களுக்கு 20 சதவீதம் கட்ட வேண்டும். வண்டி விலை ரூ.28 லட்சம் என்றால் வரி மட்டும் ரூ.5 லட்சத்து 60 ஆயிரம். ரூ.10 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டி என்பதால் 1 சதவீதம் டி.சி.எஸ். பிடித்தமும் உண்டு. அதை வருமான வரி கணக்கில் கழித்துக் கொள்ளலாம். எனவே ஷோரூம் விலையை மட்டும் பார்த்து பட்ஜெட் போட்டால் துண்டு விழும்.

பாலிசியில் உள்ள 2 வரி

முக்கியமான விஷயம் இன்சூரன்ஸ். சொந்த கார்களுக்கான வழக்கமான பாலிசியில் 'எதற்கு பயன்படுத்தலாம்' என்று ஒரு பகுதி இருக்கும். அதில், வாடகைக்கு ஓட்டக்கூடாது என்று இருக்கும். அடுத்து, சாம்பிள் பொருட்களும் சொந்த லக்கேஜும் தவிர வேறு சரக்கு ஏற்றக்கூடாது என்றும் இருக்கும்.

லோடு ஏத்தத்தான் பிக்அப் வாங்குகிறோம். ஆனால் பாலிசியோ சரக்கு கூடாது என்கிறது. 200 தேங்காயோடு போகும்போது எதிரே வந்தவர் மீது மோதி விட்டால், இந்த 2 வரியை காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி பிரச்சினை கிளப்ப வாய்ப்பு உண்டு. எனவே 'என் தோட்டத்து சரக்கை ஏற்றினால் கவரேஜ் உண்டா?' என்று கம்பெனியிடம் எழுத்து மூலம் கேட்டு, பதிலை பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது. ஏஜெண்டு வாயால் சொல்லும் "ஒண்ணும் பிரச்சினை இல்ல சார்" கோர்ட்டில் எடுபடாது.

தினமும் லோடு அடிப்பவர்களுக்கு, சரக்கு வாகனமாகவே பதிவாகும் பிக்அப்தான் சரி. இசுசுவிலேயே எஸ்-கேப் அப்படிப்பட்ட மாடல். எப்.சி. காட்டும் வேலை இருக்கும். ஆனால் பாலிசி பற்றிய பயம் இருக்காது.

எவ்வளவு எடை ஏத்தலாம்?

ஆர்.சி.யில் காலி வண்டியின் எடை, மொத்த எடை என்று 2 எண்கள் இருக்கும். மொத்த எடையில் இருந்து காலி எடையை கழித்தால் வருவதுதான் ஏற்றக்கூடிய எடை. அதில் ஆட்களின் எடையும் அடக்கம். உதாரணத்துக்கு அந்த வித்தியாசம் 600 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 75 கிலோ வீதம் 5 பேர் உட்கார்ந்தாலே 375 கிலோ போய்விடும். மீதி 225 கிலோதான். 50 கிலோ மூட்டை நாலு ஏத்தலாம், அஞ்சாவது ஏறக்கூடாது. லோடு பாடியை பார்த்தால் 20 மூட்டை பிடிக்கும்போல தெரியும். அதை நம்பினால் ஆபத்து.

ஆட்களை ஏத்தக்கூடாது

திருவிழா, கல்யாணம் என்றால் பின்னால் பத்து பேர் ஏறிக்கொள்வது நம்ம ஊர் பழக்கம். லோடு பாடியில் சீட்டும் இல்லை, பெல்ட்டும் இல்லை. சடன் பிரேக் போட்டால் தூக்கி வீசப்படுவார்கள். சரக்கு வாகனத்தில் சும்மா ஏறிச்சென்றவருக்கு நஷ்டஈடு கொடுக்க இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று ஆஷா ராணி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு கூறியுள்ளது. உயிர் போனால் பணமும் வராது, வழக்கு மட்டும் வீட்டு வாசலுக்கு வரும்.

பம்பருக்கு தடை

இந்த வண்டி வாங்கியதும் பலர் முதலில் மாட்டுவது முன்பக்க இரும்பு பம்பர். இதன் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகன சட்டப்படி, அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றி அமைத்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும் உண்டு.

பார்க்கிங் எங்கே?

தமிழ்நாடு கட்டிட விதிகளின்படி கார் நிறுத்தும் இடத்தின் நீளம் 5 மீட்டர். ஹைலக்ஸ் நீளம் 5.32 மீட்டர். அபார்ட்மெண்டில் நிறுத்தினால் ஒரு அடிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பக்கத்து வீட்டுக்காரரோடு தினமும் சண்டைதான்.

பின்னால் லாரி மாதிரி பட்டை ஸ்பிரிங் இருப்பதால், லோடு இல்லாமல் போனால் பின் சீட்டில் தூக்கிப்போடும். எனவே டெஸ்ட் டிரைவுக்கு வீட்டில் உள்ள பெரியவர்களை பின் சீட்டில் உட்கார வைத்து, குண்டும் குழியுமான ரோட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும். '4 வீல்' கியரை சேறு, மணலில் மட்டும் போட வேண்டும். காய்ந்த தார் ரோட்டில் போட்டு திருப்பினால் கியர் பாகங்கள் கெடும்.

காடு, மலை, சேறு என்று தினமும் அலைபவர்களுக்கு இதைவிட உழைக்கும் வண்டி கிடைப்பது கஷ்டம். ஆனால் மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி வண்டியை எடுப்பதற்கு முன்பு, பதிவு எந்த வகை, எத்தனை கிலோ, பாலிசியில் என்ன எழுதி இருக்கிறது என்ற 3 விஷயங்களையும் கண்ணாடி போட்டு படித்து விடுவது நல்லது.