விண்ணில் சுழலும் ஒளிக்கோல்

எரிடானஸ் என்னும் விண்மீன் கூட்டம் உள்ள திசையில், 6 கோடி ஒளியாண்டுகளுக்கும் அப்பால், என்.ஜி.சி. 1300 என்றொரு நட்சத்திர மண்டலம் இருக்கிறது. அதன் மையத்தை ஊடுருவி நீண்ட ஒளிக்கோல் ஒன்று கிடக்கிறது. அக்கோலின் இரு முனைகளிலிருந்தும் இரண்டு சுருட்கரங்கள் வளைந்து செல்கின்றன. அந்தக் கோல் எங்கிருந்து வந்தது என்பதே நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள்.

எட்வின் ஹப்பிள் 1926-ஆம் ஆண்டில் மண்டலங்களை வகைப்படுத்தியபோது, கோலுடைய சுருள்களையும் கோலற்ற சுருள்களையும் தனித்தனியே பிரித்தார். 1936-இல் வெளியான அவருடைய நூலில் இவ்விரு வகைகளும் இசைக்கவையின் இரு கிளைகள்போல் நிற்கின்றன. பார்ப்பவர்க்கு இவை இரு வேறு குலங்கள் என்றே தோன்றும். உண்மை அவ்வாறன்று. கோல் பிறவிக்குறி அன்று. இடையில் வந்து சேர்வது.

தட்டையான மண்டலம் ஒன்றில் நட்சத்திரங்கள் ஏறத்தாழ வட்டப் பாதைகளில் சுற்றி வருகின்றன. எங்கேனும் சிறிது நெருக்கம் மிகுந்தால், அதன் ஈர்ப்பு அண்டைப் பாதைகளை இழுத்து நீளச் செய்கிறது. நீண்ட பாதைகள் ஒரே திசையில் அணிவகுக்கின்றன. அணிவகுத்தபின் ஈர்ப்பு மேலும் வலுக்கிறது. அது இன்னும் பல பாதைகளைத் தன்பால் திருப்புகிறது. இங்ஙனம் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் ஒழுங்கே கோல். அதனை இரும்புத்தடிபோல் எண்ணிவிடலாகாது. நட்சத்திரங்கள் அதனுள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. உருவம் மட்டும் ஒரே சீராகச் சுழல்கிறது.

1973-இல் ஆஸ்ட்ரைக்கர், பீபிள்ஸ் என்ற இரு அறிஞர்கள், சில நூறு துகள்களாலான தட்டு ஒன்றைக் கணிப்பொறியில் சுழலவிட்டுப் பார்த்தனர். அது விரைவிலேயே கோலாக உருமாறிற்று! அப்படியாயின் கோலற்ற மண்டலங்கள் எவ்வாறு தப்பின? கண்ணுக்குப் புலனாகாத பெரும் பொருட்திரள் தட்டைச் சூழ்ந்து அதனை நிலைநிறுத்த வேண்டும் என்று அவர்கள் வாதிட்டனர். ஒரு வடிவத்தை ஆராயப் புகுந்தவர்களுக்குக் காணாப்பொருளின் சான்று கிடைத்தது. இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுவே. பிற்காலக் கணிப்புகளோ வேறொரு விந்தையைக் காட்டின. கோல் தோன்றிய பிறகு, அதே காணாப்பொருள் அதன் சுழலுந்தத்தை வாங்கிக்கொள்கிறது. அதனால் கோலின் வேகம் தணிகிறது, நீளமோ கூடுகிறது.

கோல் வாளா இருப்பதில்லை. வாயுவை மையத்தை நோக்கிச் செலுத்துகிறது. அங்கே புதிய நட்சத்திரங்கள் பிறக்கின்றன. நாளடைவில் அது மேலும் கீழுமாகப் புடைத்து, பக்கவாட்டில் நோக்குவோர்க்கு நிலக்கடலை வடிவில் தோன்றுகிறது. மையத்தில் பொருள் அளவுக்கு மீறிக் குவிந்தால் கோலே நலிவதும் உண்டு.

இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சுருள் மண்டலங்களை ஆராய்ந்து 2008-இல் ஒரு கணக்கு வெளிவந்தது. இன்று அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு கோலுடையவை; 700 கோடி ஆண்டுகளுக்கு முன்போ ஐந்தில் ஒரு பங்கே. ஆயினும், 1,100 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கோல்களையும் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி கண்டதாக 2023-இல் செய்தி வந்தது. ஆகவே சில தட்டுகள் நாம் எண்ணியதைவிட மிக விரைவாகவே முதிர்ந்திருக்க வேண்டும்.

நம் பால்வீதியிலும் ஒரு கோல் உண்டு. வாக்குலர் என்னும் வானியலார் 1960-களிலேயே அதை உய்த்துணர்ந்தார். தூசியை ஊடுருவும் அகச்சிவப்புக் கதிர்கள் 1990-களில் அதனை உறுதிசெய்தன. தனுசு ராசியின் பக்கம் நோக்கும்போது அக்கோலை நாம் பக்கவாட்டில் காண்பதில்லை. ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில், அதன் ஒரு முனை நம்மை நோக்கி நீண்டிருக்கிறது.